வாப்பாவின் ஃபியட்: காப்பீடும் கொட்டகையும்

என் வாப்பா 1970-ஆம் ஆண்டு வாங்கிய ஃபியட் 1100 கார், கீழக்கரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் கொட்டகையில் இன்றும் ஓடும் நிலையில் நிற்கிறது. வாப்பா மௌத்தான பிறகு அதைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய கார் வைத்திருக்கும் உறவினர்கள் இருவர், ஒருவர் பெரியபட்டினத்திலும் மற்றவர் தேவிபட்டினத்திலும் இருப்பவர்கள், காப்பீட்டை எப்படி எடுப்பது, வண்டியை எங்கே நிறுத்துவது என்று இவ்வாண்டு என்னிடம் கேட்டார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை முழுமையாக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு நஷ்டத்தின் வழியாகத்தான். 2019-ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காற்றில் பக்கத்துத் தென்னை ஒன்று கொட்டகையின் மேல் சாய்ந்தது. கூரையோடு சேர்ந்து காரின் மேற்கூரையும் முன்கண்ணாடியும் ஒரு பக்கத் தூணும் நசுங்கின. பட்டறைக்காரர் 68,000 ரூபாய் ஆகும் என்றார். முழுக் காப்பீடு இருந்ததால் நான் கலங்கவில்லை. ஆனால் பாலிசியில் காரின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 40,000 ரூபாய் என்றுதான் இருந்தது. ஆண்டுதோறும் முகவர் நிரப்பிக் கொடுத்த எண் அது. நானும் பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று கையெழுத்திட்டு வந்தேன். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வண்டி முழு இழப்பாகக் கருதப்படும் என்பது விதி. 30,000 ரூபாயைத் தாண்டிய எந்தச் சேதமும் என் காரை ஏட்டில் இல்லாமல் ஆக்கிவிடும் நிலையில் அத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறேன். வண்டியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆகவே உடைசல் மதிப்பாக 15,000 ரூபாயையும் ஒவ்வொரு முறையும் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவாக 1,000 ரூபாயையும் பிடித்துக்கொண்டு 24,000 ரூபாய் தந்தார்கள். மீதி 44,000 ரூபாய் என் கையிலிருந்து போயிற்று.

புதிய கார்களுக்கு ஐ.டி.வி.யைக் கணக்கிட அட்டவணை ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் என்று தொடங்கும் தேய்மானக் கழிவு, ஐந்தாம் ஆண்டை எட்டும்போது 50 சதவீதம் ஆகிறது. ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கும் அந்த அட்டவணை பொருந்தாது. காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. பழைய கார் வைத்திருப்பவருக்கு இருக்கும் மிகப் பெரிய உரிமை இதுவே என்று நான் கருதுகிறேன். அதைக் கேட்டுப் பெறாதவர்களுக்குக் கணினி காட்டும் ஏதோ ஓர் எண்தான் கிடைக்கும்.

மறு ஆண்டு மதுரையிலிருந்து உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை வரவழைத்தேன். எஞ்சின் எண், சேசிஸ் எண், உள்ளும் புறமும் அடிப்பாகமும் தெரியும் படங்கள், பழுதுபார்த்த ரசீதுகள், மாற்றாமல் வைத்திருக்கும் அசல் பாகங்களின் பட்டியல் ஆகியவற்றோடு அவர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையை வைத்துப் பேசி, 3,50,000 ரூபாய்க்கு ஐ.டி.வி.யை ஒப்புக்கொள்ளச் செய்தேன். பிரீமியம் கூடியது உண்மை. ஆனால் அதன்பிறகுதான் இந்தக் காருக்குக் காப்பீடு இருக்கிறது என்று சொல்லும் துணிவு எனக்கு வந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பத்து ஆண்டுகளைக் கடந்த காரில் உலோகப் பாகத்தை மாற்றினால் அதன் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி ஆகியவற்றுக்கும் பாதிதான். கண்ணாடிக்கும் வேலைக்கூலிக்கும் தேய்மானம் கிடையாது. ஃபியட்டுக்குப் புதுத் தகடு கடையில் கிடைப்பதில்லை. டிங்கர் கையால் தட்டித்தான் உருவாக்குகிறார், ஆகவே செலவின் பெரும்பகுதி கூலிதான். எனவே பட்டறை ரசீதில் கூலியையும் பொருளையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவும் ஒரே நாளில் வந்து சேரும் ஆபத்துகளுக்கு: புயல், வெள்ளம், தீ, திருட்டு, மோதல். எங்கள் கரையில் காரைத் தின்பது அவற்றைவிட உப்புக்காற்றுதான். தேய்மானத்தையும் துருவையும் எந்த மோட்டார் பாலிசியும் ஏற்பதில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தை உப்பு அரித்து, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2025-இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. பாலத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் ஃபியட் 1100-க்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியே வண்டியைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகட்டு அறை துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போய்விடும்.

மழை படாமல் நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடற்கரை இரவுகளில் அந்த அளவை எட்டுவது சாதாரணம். தகட்டில் படிந்த உப்புத்தூள் கொட்டகைக்குள்ளேயே இரவில் உப்புநீராகி, பகலில் காய்ந்து, மறுபடி இரவில் நனைகிறது. எனவே உப்பு உள்ளே வராமல் தடுப்பதும், வந்ததைக் கழுவி எடுப்பதும்தான் வேலை.

கீழக்கரைக்குக் கடல் தெற்கே இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து கடல்நீர்த் துளிகளை அள்ளிக்கொண்டு வரும். என் பழைய கொட்டகையின் வாசல் தெற்கு நோக்கி இருந்தது. புதிதாகக் கட்டியபோது அதை வடக்குப் பக்கம் மாற்றினேன். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கடல் கிழக்கே இருப்பதால், மழைக்காலத்து வாடைக் காற்றுக்கும் கொண்டல் காற்றுக்கும் முதுகு காட்டி மேற்கே வாசல் வைப்பது சரி. தகரக் கூரை இங்கே சில ஆண்டுகளில் சல்லடையாகிவிடும். நான் ஓடு போட்டேன். தரைக்குக் கடல் மணலைச் சேர்க்காமல் ஆற்று மணலில் கான்கிரீட் போட்டு, அடியில் தடித்த பாலித்தீன் தாளை விரித்தேன், இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் மேலேறி வண்டியின் அடியில் வியர்க்கும். தென்னைக்கு எட்டாத தூரத்தில் கொட்டகை இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

கழுவும் தண்ணீர் மிகவும் முக்கியம். எங்கள் பகுதிக் கிணறும் ஆழ்குழாயும் பெரும்பாலும் உவர். அந்த நீரில் காரைக் கழுவுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதாகும். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, மாதம் இரு முறை அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் அதில் கழுவுகிறேன். கதவுகளின் அடியில் உள்ள சிறு வடிகால் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வைக்கிறேன். தார்ப்பாய் போட்டு மூடக் கூடாது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணி உறைதான் நல்லது. நீண்ட நாள் நிறுத்தும்போது கைப்பிரேக்கை இழுத்து வைத்தால் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

திருட்டைப் பற்றிச் சுருக்கமாக. கார் களவு போனால் எஃப்.ஐ.ஆரோடு இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். பழைய காருக்குப் பெரும்பாலும் ஒரு சாவிதான் மிஞ்சியிருக்கும், ஆகவே இன்றே இன்னொன்று வெட்டி வையுங்கள். அலமாரியில் சேர்த்து வைத்திருக்கும் கார்புரேட்டர், பம்பர் போன்ற உதிரிகள் வண்டியில் பொருத்தப்படாதவை என்பதால் மோட்டார் பாலிசிக்குள் வரமாட்டா. அவற்றுக்கு வீட்டுப் பொருள் காப்பீட்டில் இடம் கேளுங்கள்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், காலம் பத்து ஆண்டு, எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிவான காருக்கு பிறருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. 2022-இல் அறிவித்த விகிதப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய் என்பதால், மிச்சம் ஆண்டுக்கு 1,708 ரூபாய். பத்து ஆண்டுக்கும் 17,080 தான், பதிவுக் கட்டணத்துக்கே அது எட்டாது. அதோடு, கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். பெருநாளன்று உம்மாவை முன்சீட்டில் அமர்த்தி ஏர்வாடி தர்காவுக்குப் போய்வருவது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பயணத்தில் விபத்து நேர்ந்தால், அனுமதிக்கப்படாத பயன்பாடு என்று இழப்பீட்டை மறுக்க இடமிருக்கும். ஆகவே சாதாரணப் பதிவையே ஐந்து ஆண்டுக்கொரு முறை புதுப்பித்து வருகிறேன்.

இவ்வாண்டுப் பாலிசி அடுத்த மாதம் முடிகிறது. தொண்ணூறு நாள் இடைவெளி விட்டால் இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும் என்பதால் முன்கூட்டியே மதிப்பீட்டாளருக்குச் சொல்லிவிட்டேன். அவர் வரும் முன் வலப்புறப் பின்சக்கர வளைவில் புதிதாகத் தெரியும் துருப்புள்ளி ஒன்றைத் தேய்த்துப் பூச வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து டிங்கர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.