பிக்கப்பின் கமான் பட்டையும் 15,000 ரூபாயும்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டு செல்லும் எங்கள் பழைய பிக்கப், பாரம் ஏற்றியதும் பின்புறம் தாழ்ந்துவிடுவதால், கையிலிருந்த 15,000 ரூபாயில், பாரத்தையும் குலுக்கத்தையும் தாங்கும் அமைப்பான சஸ்பென்ஷனைச் சரிசெய்ய முடிவெடுத்தேன். பட்டறையில் முதலில் சொன்ன யோசனை, பாரத்தைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டைகளான கமான் பட்டைகளில் இரண்டைக் கூடுதலாகச் சேர்ப்பது. பட்டை கூடினால் வண்டி நிமிரும் என்பது உண்மைதான். ஆனால் வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒவ்வொரு பள்ளமும் முதுகில் வந்து இடிக்கும், தவிர சக்கர அச்சான ஆக்சிலும் பிரேக்கும் டயரும் தாங்கும் எடை ஒரு கிலோகூட உயராது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையும் மாறாது.

வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது, கமான் பட்டையின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் இடத்திலுள்ள ஷேக்கிள் புஷ்ஷின் ரப்பர் ஒருபக்கமாகத் தேய்ந்து, வட்டத் துளை முட்டை வடிவமாகியிருந்தது. பின் ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் செம்மண் அப்பியிருந்தது. எனவே புஷ்களை மாற்றி, ஷாக் அப்சார்பர்களை ஜோடியாகவே வாங்கி (அவை வண்டியை நிமிர்த்தா, குலுக்கத்தை மட்டுமே அடக்கும்), தளர்ந்த பட்டைகளைக் கழற்றி, இழந்த வளைவை மீண்டும் ஏற்றினோம். வெளிநாட்டு ஷாக் அப்சார்பர் மீது மகனுக்கு ஆசை. விலையைக் கேட்டதும் அவனே அமைதியானான். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், பட்டைகளை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும் என்பதால், வரும் ஞாயிறு மறுபடி பட்டறைக்குச் செல்கிறேன்.