முதலாம் எட்வர்டு: அரியர் விழுந்த கேள்வியை இரண்டாம் முறை படித்த விதம்

பி.ஏ. வரலாறு படித்தபோது இங்கிலாந்து வரலாறு தாளில் எனக்கு அரியர் விழுந்தது. "முதலாம் எட்வர்டு அண்டை நாடுகளோடு கொண்ட உறவை ஆராய்க" என்று ஒரு பெரிய கேள்வி. நன்றாகப் படித்து வைத்திருந்த கேள்விதான். வேல்ஸுக்கு ஒரு பக்கம், ஸ்காட்லாந்துக்கு இரண்டு பக்கம், பிரான்ஸுக்குக் கடைசியில் ஐந்தாறு வரி எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். ரிசல்ட் வந்த பிறகு அதே விடையை நினைவிலிருந்து மறுபடி எழுதிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. ஆண்டுகள் சரி, பெயர்கள் சரி. ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வரிகூட இல்லை.

கைடுகளில் வேல்ஸ், ஸ்காட்லாந்து, பிரான்ஸ் மூன்றும் தனித்தனித் தலைப்புகள். நாமும் அப்படியே மனப்பாடம் செய்கிறோம். 1272 முதல் 1307 வரை ஆண்ட எட்வர்டுக்கோ மூன்று திசைக்கும் சேர்த்து ஒரே கஜானாதான் இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு படித்தால் விடை தானாக ஓடி வரும்.

நான் செய்தது இதுதான். பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நான்கு பத்தி கட்டம் போட்டேன்: ஆண்டு, வேல்ஸ், ஸ்காட்லாந்து, பிரான்ஸ். நடந்ததையெல்லாம் ஆண்டு வாரியாகப் பென்சிலில் நிரப்பினேன். ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒரு கட்டம் நிரம்பினால் மற்ற இரண்டும் காலியாகக் கிடந்தன. 1277-ல் வேல்ஸ் போர். 1282-ல் வேல்ஸ் இளவரசர் லெவலின் கொல்லப்பட்டார், 1284-ல் வேல்ஸை ஆங்கில ஆட்சிக்குக் கீழ் கொண்டுவந்த ருட்லன் சட்டம் வந்தது. அப்போது பிரான்ஸோடு சண்டை இல்லை, ஸ்காட்லாந்தும் அமைதியாக இருந்தது. எட்வர்டு ஜெயித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1294-க்கு வந்தபோது மூன்று கட்டமும் நிரம்பி, எழுத்து ஓரத்துக்கு வழிந்தது. தாளைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆண்டு மே மாதம் பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப், பிரான்ஸின் தென்மேற்கில் எட்வர்டின் கையில் இருந்த கேஸ்கனிப் பகுதியைப் பறிமுதல் செய்தார். அதை மீட்கப் படை திரட்ட வேண்டியிருந்ததால் ஸ்காட்லாந்து மன்னர் ஜான் பேலியலையும் அவருடைய பிரபுக்களையும் போருக்கு வரச் சொன்னார் எட்வர்டு. அவர்கள் சாக்குச் சொல்லி நழுவினார்கள். வேல்ஸிலும் வரியும் ஆள் திரட்டலும் தாங்காமல் செப்டம்பர் கடைசியில் மடோக் தலைமையில் கலகம் வெடித்தது. பிரான்ஸுக்குப் போக வேண்டிய படை வேல்ஸுக்குத் திரும்பியது. அந்தக் குளிர்காலத்தில், தான் கட்டிய கான்வி கோட்டைக்குள்ளேயே எட்வர்டு உணவுத் தட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டார். மிஞ்சியிருந்த ஒரே பீப்பாய் மதுவைத் தனக்கென்று ஒதுக்க விடாமல் வீரர்களோடு பகிர்ந்துகொண்டார் என்று அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

சரி, இந்த மூன்றையும் கட்டிவைத்த கயிறு எது? நிலம் பெற்றவர் அதைத் தந்த தலைவர் முன் மண்டியிட்டு விசுவாசம் செலுத்தும் வழக்கம். நிலமானிய முறை பாடத்தில் அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். இந்தக் கேள்விக்கு அதுதான் உயிர். இங்கிலாந்தில் எட்வர்டு மன்னர். கேஸ்கனியில் அவர் பிரெஞ்சு மன்னருக்குக் கீழ்ப்பட்ட டியூக். 1259-ல் அவருடைய தந்தை மூன்றாம் ஹென்றி ஒப்புக்கொண்ட பாரிஸ் உடன்படிக்கையின் விளைவு அது. 1286-ல் எட்வர்டே பாரிஸுக்குப் போய்ப் பிலிப்பின் முன் விசுவாசம் செலுத்தினார்.

அதே ஆண்டு மார்ச்சில் ஸ்காட்லாந்தின் மூன்றாம் அலெக்சாண்டர் இரவில் குதிரையில் போகும்போது விழுந்து இறந்தார். வாரிசான பேத்தி மார்கரெட் நார்வேயிலிருந்து வரும் வழியில் 1290-ல் ஆர்க்னி தீவில் இறந்துபோனாள். ஏழு வயதுக் குழந்தை. அரியணைக்குப் பலர் போட்டியிட, நடுவராக வந்த எட்வர்டு, தன்னை மேலாதிக்கத் தலைவராக ஏற்க வேண்டும் என்று முதலில் கேட்டு வாங்கினார். 1292 நவம்பரில் பேலியலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. அப்புறம் ஸ்காட்லாந்து நீதிமன்றத் தீர்ப்புகள் மேல் வந்த முறையீடுகளைத் தானே விசாரிப்பதாகச் சொல்லி, பேலியலை 1293-ல் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வரவழைத்தார்.

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். அதே 1293-ல், மாலுமிகளின் கடற்சண்டையைக் காரணம் காட்டி, பாரிஸுக்கு வந்து பதில் சொல்லும்படி எட்வர்டுக்கே பிலிப் ஆணை அனுப்பியிருந்தார். பிலிப்பிடம் எட்வர்டுக்கு எது பொறுக்கவில்லையோ, அதையே அவர் பேலியலிடம் செய்துகொண்டிருந்தார். எனக்கு இது புரிந்த நாளில்தான் தாளும் புரிந்தது. 1295 அக்டோபரில் ஸ்காட்லாந்து பிரான்ஸோடு உடன்படிக்கை செய்ததை "துரோகம்" என்று எழுதாமல், ஒரே ஆளோடு மோதிய இருவர் கைகோத்தார்கள் என்று எழுத முடிந்தது.

பிறகு நடந்தவை கைடிலேயே விரிவாக இருக்கின்றன. 1296-ல் பெரிக் நகரப் படுகொலை, டன்பார் போர், பேலியலின் அங்கியிலிருந்த அரச சின்னத்தைப் பிய்த்தெறிந்தது, ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடப் பயன்பட்ட ஸ்கோன் கல்லை எடுத்துப்போனது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 1297 ஸ்டெர்லிங் பாலப் போரில் ஸ்காட்லாந்துக் கலகத் தலைவர் வாலஸிடம் எட்வர்டு தோற்றார் என்று பலர் எழுதுகிறார்கள். அப்போது அவர் பிலிப்புக்கு எதிராக ஃபிளாண்டர்ஸில் இருந்தார். தோற்றது அவருடைய தளபதிகள். அடுத்த ஆண்டு ஃபால்கர்க்கில் ஜெயித்ததுதான் எட்வர்டு நேரில் நடத்திய போர். 1303-ல் பிரான்ஸோடு சமாதானமாகிக் கேஸ்கனி திரும்பக் கிடைத்ததும் ஸ்காட்லாந்து தனியாக நின்றது. 1304-ல் பெரும்பாலான பிரபுக்கள் பணிந்தார்கள். மறுபடி அதே கயிறுதான்.

இரண்டாம் முறை இதே மாதிரிக் கேள்வி வந்தபோது 1294-லிருந்து விடையைத் தொடங்கினேன். அங்கிருந்து பின்னால் போய்க் காரணம், முன்னால் வந்து விளைவு. வேல்ஸுக்கு முக்கால் பக்கம்தான் கொடுத்தேன். தேறிவிட்டேன்.

நேரம் இருந்தால் ஒரு சின்ன வரைபடமும் போடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. மேலே பெரிக், இடப்பக்கம் கான்வி, கடல் தாண்டித் தெற்கே வெகு தூரத்தில் கேஸ்கனியின் போர்டோ. இந்த மூன்று புள்ளிக்கும் லண்டனிலிருந்து கோடு இழுத்தால் போதும்.