ட்ரைபாட் வாங்கப் போகிறவர்களுக்கு

எந்த ட்ரைபாட் வாங்கலாம் என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்குச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். காலைத் தலைகீழாக மடக்கிப் பைக்குள் திணிக்கிற டிராவல் ரகம் வேண்டாம், மான்ஃப்ரோட்டோ 055 மாதிரி பழைய பாணி ட்ரைபாடாகப் பாருங்கள்.

காலுக்கு மூன்று துண்டு போதும், நான்கு ஐந்து என்று கூடக் கூட கடைசித் துண்டு ஒல்லியாகிக்கொண்டே போகும், ஆட்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். நடுத்தண்டை உயர்த்தாமலே கேமரா உங்கள் கண் மட்டத்துக்கு அருகில் வர வேண்டும். நடுத்தண்டை முழுசாகத் தூக்கினால் மூன்று கால் இருந்தும் கேமரா நிற்பது என்னவோ ஒற்றைக் குச்சியில்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் 'இத்தனை கிலோ தாங்கும்' கணக்கை ரொம்ப நம்பாதீர்கள், அதை அளக்க எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான முறை கிடையாது. கடையிலேயே உங்கள் நீள லென்ஸை மாட்டி, லைவ் வியூவில் (கேமராத் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சி) பெரிதாக்கி, காலை விரலால் லேசாகத் தட்டுங்கள். படம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள், அவ்வளவுதான் சோதனை.

கால் கார்பன் ஃபைபராக இருந்தால் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், ஆனால் விலை! (ஜெர்மனியின் பெர்லேபாக் நிறுவனம் இன்னமும் ட்ரைபாடை ஆஷ் மரத்தில் செய்கிறது, மரம் அதிர்வை நன்றாகவே உள்வாங்கும்.) பட்ஜெட் இடித்தால் தயங்காமல் அலுமினியம் எடுங்கள், மிச்சத்தை நல்ல பால் ஹெட்டுக்கு (கேமராவை எந்தப் பக்கமும் சாய்த்துத் திருப்ப உதவும், உருண்டை வைத்த தலை) வையுங்கள். தலையைத் தனியாகக் கழற்ற முடிகிறதா, அதை மாட்டும் இடத்தில் இருப்பது 3/8 அங்குலத் திருகுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடற்கரைக்குக் கொண்டுபோனால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கால்களைக் கழுவிக் காயவையுங்கள்.