ரீபாய்லரின் 3.7 கிகாஜூல் எங்கே போகிறது?

அமீன் (நைட்ரஜன் கொண்ட காரச் சேர்மம்) கரைசலால் கரியமில வாயுவைப் பிடிக்கும் ஆலையில் விசிறியும் கம்ப்ரசரும் மின்சாரம் தின்னும்தான். ஆனால் பெரிய செலவு, வாயுவைப் பிடித்த கரைசலைச் சூடேற்றி வாயுவைப் பிரிக்கும் ரீபாய்லருக்கான நீராவி. 30 சதவீத எம்இஏ (மோனோஎத்தனாலமீன் என்ற அமீன்) கரைசல் என்றால், டன் கரியமில வாயுவுக்குச் சுமார் 3.7 கிகாஜூல்.

இதில் 1.9 கிகாஜூல், வாயுவுக்கும் அமீனுக்கும் இடையிலான வேதிப்பிணைப்பைப் பிரிக்கவே போய்விடும் (மோலுக்கு 85 கிலோஜூல்). எந்த வால்வைத் திருகியும் இதைக் குறைக்க முடியாது.

அடுத்து, கரைசலைச் சூடேற்றும் செலவு. லோடிங் (ஒரு மோல் அமீன் சுமக்கும் வாயு, மோலில்) 0.22-லிருந்து 0.47 வரை ஏறினால் ஒரு கிலோ கரைசல் சுமப்பது வெறும் 54 கிராம் வாயு. அதாவது ஒரு டன்னுக்கு 18.5 டன் கரைசல் சுற்றவேண்டும். வாயுவை இழந்த சூடான கரைசல் (லீன்), வாயு ஏறிய கரைசலை (ரிச்) சூடேற்றும் லீன்-ரிச் வெப்பப் பரிமாற்றியின் சூடான முனையில் 10 டிகிரி வெப்பநிலை இடைவெளி இருந்தால் 0.7 கிகாஜூல், 5 டிகிரி என்றால் அதில் பாதி. தகடுகளில் அழுக்கு படிந்து இடைவெளி 15 ஆனால் யாரும் கவனிக்காமலே 0.35 கூடிவிடும்.

மிச்சம் 1.1 தான் நாம் கைவைக்க வேண்டிய இடம். ஸ்ட்ரிப்பர் (கரைசலிலிருந்து வாயுவைப் பிரிக்கும் கோபுரம்) உச்சியில் வாயுவோடு வெளியேறி, கன்டென்சரில் குளிர்நீருக்குத் தாரைவார்க்கப்படும் நீராவி அது. ரிச் அமீனில் பத்தில் ஒரு பங்கைச் சூடேற்றாமல் நேராக உச்சியில் விட்டால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி உள்ளேயே தங்கும். லீன் லோடிங்கை 0.15 வரை இறக்கினால் இந்த நீராவி கிடுகிடுவென ஏறும்; மிக உயர்த்தினால் சுற்றோட்டம் பெருகும். பிடிப்பை 90 சதவீதத்தில் நிறுத்தி, ஓட்டத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் ஆலை நிலைப்பட்ட பிறகு கணக்கெடுங்கள். எம்இஏ-வுக்குப் பெரும்பாலும் லீன் லோடிங் 0.2-ஐ ஒட்டியே வெப்பச் செலவின் அடிமட்டம் கிடைக்கும். ஸ்ட்ரிப்பர் அழுத்தத்தைக் கூட்டினாலும் உச்சி நீராவி குறையும். ஆனால் அடிப்பகுதி 120 டிகிரியைத் தாண்டினால் எம்இஏ சிதையத் தொடங்கும். பைபரசீன் என்ற வேறொரு அமீன் 150 வரை தாங்கும்.

பிணைப்பு வெப்பம் குறைவு என்பதை மட்டும் காட்டி கரைப்பான் விற்பவர்களை நம்பவேண்டாம். அந்த வெப்பம் குறைந்தால், சூடேற்றும்போது வாயுவின் பகுதி அழுத்தம் ஏறும் வேகமும் குறையும். அதை ஈடுகட்ட உச்சி நீராவி கூடிவிடும்.

அளப்பது எளிது. 3 பார் நீராவி என்றால், ரீபாய்லர் கன்டென்சேட் (நீராவி குளிர்ந்து வரும் நீர்) டன்னை 2.16-ஆல் (ஒரு டன் நீராவி விடும் கிகாஜூல்) பெருக்கி, வெளிவந்த கரியமில வாயு டன்னால் வகுக்கவும். எண் ஏறினால் முதலில் பரிமாற்றி இடைவெளியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ரிச் லோடிங்கைச் சோதியுங்கள். அது இறங்கியிருந்தால் அப்சார்பருக்குள் (வாயுவைப் பிடிக்கும் கோபுரம்) லீன் அமீன் 40 டிகிரிக்கு மேல் நுழைகிறதா, நுரை கட்டுகிறதா, வெப்பத்தால் பிரியாத உப்புகள் அமீனைக் கட்டிப்போட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.