தெமிஸ்தொக்ளேஸின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்த நாள்

நாற்பத்தாறாம் வயதில் பண்டைக் கிரேக்க வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது, மொழியைத் தொடாமல் மொழிபெயர்ப்புகளின் வழியே அறிந்துகொண்டால் போதும் என்றுதான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது உடைந்த பானை ஓடு ஒன்றின் புகைப்படம்.

ஏதென்ஸின் மக்களாட்சியில், செல்வாக்கு மிகுந்துவிட்ட ஒருவரைப் பத்தாண்டுக் காலம் நாட்டைவிட்டு அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது. குற்றச்சாட்டோ விசாரணையோ கிடையாது, சொத்தும் பறிக்கப்படாது. யார் போக வேண்டுமோ அவர் பெயரைக் குடிமக்கள் பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். 6,000 பேராவது பங்கேற்றால்தான் அது செல்லும். அந்தப் பானை ஓட்டுக்குக் கிரேக்க மொழியில் 'ஒஸ்த்ரகொன்' என்று பெயர். சிப்பியின் ஓட்டுக்கும் ஆமையின் ஓட்டுக்கும் அதே சொல்தான் என்று அகராதியில் கண்டபோது, நம்முடைய 'ஓடு' என்ற சொல்லும் அப்படித்தானே என்று நெடுநேரம் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

நான் பார்த்த ஓட்டில் இருந்தது தெமிஸ்தொக்ளேஸின் பெயர். கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வெல்ல வழிவகுத்தவரையே, ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குள் ஏதென்ஸ் இப்படி வெளியேற்றியது.

கிரேக்கத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. நான் படித்த ஆங்கிலவழிப் பாடநூல் இதைப் பக்கம் பக்கமாக விளக்கியது. தமிழில் எழுதப் பழகிய எனக்கோ ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. ஆனால் அந்த ஓட்டில், பெயரின் முதலில் வரும் குறிலும் இறுதியில் வரும் நெடிலும் ஒரே எழுத்தாக இருந்தன. கீறியவர் பிழை செய்துவிட்டார் என்று நினைத்தேன். நெடிலுக்கான அந்த எழுத்துகளை உள்ளடக்கிய அயோனிய நெடுங்கணக்கை (கிரேக்கரில் ஒரு பிரிவினரான அயோனியரின் எழுத்து வரிசையை) ஏதென்ஸ் அரசு முறைப்படி ஏற்றுக்கொண்டதே கி.மு. 403-இல்தான் என்று பிறகு தெரிந்தது. நம் ஓலைச்சுவடிகளிலும் எகரமும் ஏகாரமும் பெரும்பாலும் ஒரே வடிவில் எழுதப்பட்டிருந்தன என்பதை நினைத்துக்கொண்டேன். படிப்பவர் சொல்லை முன்பே அறிந்திருந்தால் எழுத்தில் வேறுபாடு இல்லாவிட்டாலும் வாசித்துவிடுவார். அடுத்து நின்றது தந்தையின் பெயர், ஆறாம் வேற்றுமையில்: நெயொக்ளேஸின் மகன்.

ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றிலிருந்து தெமிஸ்தொக்ளேஸின் பெயர் பொறித்த ஓடுகள் சுமார் 190 கிடைத்தன. பெரும்பாலானவை கிண்ணங்களின் அடிப்பாகங்கள். ஆராய்ந்தவர்கள் அவற்றில் 14 பேரின் கையெழுத்தை மட்டுமே கண்டார்கள். அவருடைய எதிரிகள் முன்கூட்டியே எழுதிக் குவித்து, வாக்களிக்க வருவோரிடம் கொடுக்க வைத்திருந்தவை அவை என்பதே பலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. எந்த நூலின் சுருக்கமும் அந்த நகரத்தின் அரசியலை எனக்கு இவ்வளவு அருகில் காட்டியதில்லை. இப்போது ஓய்வு கிடைக்கும் இரவுகளில் அந்தப் படங்களை அருகருகே வைத்து, எவையெல்லாம் ஒரே கை கீறியவை என்று நானே பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்; இதுவரை மூன்று கைகளை அடையாளம் காண முடிந்திருக்கிறது.