6.4

ஜனவரி 11, 2025
பங்கு ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்புக்குக் கல்லூரியில் கேட்கிற சராசரி மதிப்பெண் (சிஜிபிஏ) குறைந்தபட்சம் 7.5. என்னுடையது 6.4. பட்டியலில் நான் இல்லை.

ஜனவரி 13
போகி. வீட்டில் எல்லோரும் பரணைக் காலி செய்கிறார்கள், நான் டைட்டன் ஆண்டறிக்கையோடு உட்கார்ந்திருக்கிறேன். பொறுப்புகள் (கம்பெனி திருப்பித் தர வேண்டியவை) பக்கத்தில் ‘கோல்டு ஆன் லோன்’ என்று ஒரு வரி. டைட்டனின் தனிஷ்க் கடை நகைக்கான தங்கத்தையே வங்கியிடம் கடனாக வாங்குகிறார்கள், விலையைப் பிறகுதான் முடிவு செய்கிறார்கள், அதனால் இடையில் தங்கம் ஏறினாலும் இறங்கினாலும் பெரிய அடி விழாது. எவ்வளவு அழகான ஏற்பாடு! பி.காம். வகுப்பில் யாரும் இதைப் பேசியதே இல்லை.

ஜனவரி 20
பிளேஸ்மென்ட் சாரைப் பார்த்தேன். “கட் ஆஃப்னா கட் ஆஃப்தாம்மா.” அந்த இரண்டு செமஸ்டரில் என்ன நடந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கோபமாக வருகிறது.

ஜனவரி 26
சீனியர் அக்கா போனில் சொன்னது: இணையப் படிவத்தில் போட்டால் 6.4 முதலிலேயே வடிகட்டப்படும், நேராக ரிசர்ச் டீமில் இருக்கிற ஆளுக்கே எழுது, ரெஸ்யூமேயை முன்னால் நீட்டாதே, நீ செய்த வேலையை அனுப்பு. சரி, டைட்டன் பங்கைப் பற்றித்தான் என் அறிக்கை.

பிப்ரவரி 1
சனிக்கிழமையிலும் பட்ஜெட்டுக்காகச் சந்தை திறந்திருந்தது. 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத் தங்கத்தின் இறக்குமதி வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. அப்படியே 6 சதவீதம். போன ஜூலை 23 அன்று 15-இலிருந்து 6-க்கு இறக்கினார்கள், டைட்டன் பங்கு அன்றே எகிறியது, ஆனால் செப்டம்பர் காலாண்டில் அதே வரிக் குறைப்பால் லாபம் அடிவாங்கியது. விலைக்குத்தான் பாதுகாப்பு இருக்கிறதே, அப்புறம் எப்படி நஷ்டம்? இரவு முழுக்க இதே.

பிப்ரவரி 4
அம்மா நகைச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “வரி குறைஞ்சா கடையில இருக்கிற பழைய நகைக்கு என்ன விலைடி போடுவான்?” அதேதான்! ஹெட்ஜிங், அதாவது அந்த விலைப் பாதுகாப்பு, தங்கத்தின் விலையைக் காக்கும், ஏற்கெனவே 15 சதவீதம் கட்டிக் கொண்டுவந்த சரக்கின் வரியைக் காக்காது. வரி குறைந்ததும் விற்கும் விலை இறங்கிவிடும், கட்டிய வரி திரும்பி வராது. நான்காம் பக்கத்தை முழுவதும் மாற்றி எழுதினேன்.

பிப்ரவரி 5
அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 12
ஒன்றும் வரவில்லை. இன்னொருவருக்கு எழுதலாமா? அதே அறிக்கையை அனுப்பினால் மலிவாகத் தெரியுமோ? வேறு கம்பெனியை எடுத்தால் இன்னும் எத்தனை நாள் போகும்?

பிப்ரவரி 17
பதில்!! வெள்ளிக்கிழமை பேசலாமாம்.

பிப்ரவரி 21
முதல் கேள்வி: தேய்மானம் (சொத்து பழசாவதற்குக் கணக்கில் எழுதும் செலவு) 10 ரூபாய் கூடினால் லாப நஷ்டம், ரொக்க ஓட்டம், இருப்புநிலை என்று மூன்று அறிக்கைகளிலும் என்ன ஆகும்? வரி 25 சதவீதம் என்று வைத்தால் லாபம் 7.50 குறையும், தேய்மானம் கையைவிட்டுப் போகிற பணம் இல்லை, வரி மட்டும் குறைகிறது என்பதால் ரொக்கம் 2.50 கூடும், தேய்ந்த சொத்தின் மதிப்பு 10 குறையும், ஆக இரண்டு பக்கமும் 7.50 குறைந்து சரியாகிவிடும். தடங்கல் இல்லாமல் சொன்னேன். பிறகு முழுக்க நான்காம் பக்கம்தான், அவர் மடக்கி மடக்கிக் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் ஏறியது. 6.4 பற்றி ஒரே ஒரு கேள்வி. நடந்ததை அப்படியே சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பிப்ரவரி 27
எச்.ஆர். மதிப்பெண் பட்டியல் கேட்கிறது. எல்லா செமஸ்டருக்கும்.

மார்ச் 2
டீமுக்குப் பிடித்திருந்தாலும் எச்.ஆர். தனியாக ஒரு எல்லை வைத்திருந்தால்? சாப்பாடு இறங்கவில்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 6
கிடைத்துவிட்டது. மும்பை, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். ஏப்ரல் 7 முதல் இரண்டு மாதம். அப்பா கடிதத்தை சத்தமாகப் படிக்கச் சொன்னார், பாட்டிக்கும் கேட்க வேண்டுமாம். அழுதுவிட்டேன்.

மார்ச் 9
அந்த டீம் பார்ப்பது வங்கித் துறையாம். எச்டிஎஃப்சி வங்கியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2023 ஜூலை 1 அன்று எச்டிஎஃப்சி என்ற வீட்டுக்கடன் கம்பெனி அதோடு இணைந்த பிறகு கடன்-வைப்பு விகிதம் (100 ரூபாய் வைப்புக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறது என்பது) 100-ஐத் தாண்டியது. அந்தக் கம்பெனி வங்கியைப் போல சேமிப்புக் கணக்கில் பணம் திரட்டியதில்லை, பெரும்பகுதியைப் பத்திரம் போட்டும் வங்கிகளிடமும் கடனாக வாங்கியது, ஆக கடன்கள் மொத்தமும் வந்து சேர்ந்தன, வைப்பு அந்த அளவுக்கு வரவில்லை. இப்போது அந்தப் பத்திரங்கள் எப்போது முதிர்கின்றன என்று தேடிக்கொண்டிருக்கிறேன்