நின்று வேலை செய்பவரின் குதிகால்

22 ஜூலை 2024, மதுரை

ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் பணிபுரியும் நாற்பத்தைந்து வயது அம்மா ஒருவர் இன்று வலது குதிகால் வலியோடு இயன்முறை சிகிச்சைக்கு வந்தார். அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறேன். "காலையில எழுந்து முதல் அடி வைக்கிறப்ப ஆணி ஏறுற மாதிரி இருக்கு டாக்டர், கொஞ்சம் நடந்தா விட்டுடுது, சாயங்காலம் மறுபடி வந்துடுது" என்றார். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் வலி கூடியிருக்கிறது. விரிப்பில் சேலைகளைப் பரப்ப வேண்டியிருப்பதால், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நிற்பதே அங்கு வழக்கம்.

வலி வந்து போகும் இந்த ஒழுங்கே நோயைப் பெருமளவு சொல்லிவிடுகிறது: உள்ளங்கால் நார்ப்பட்டையின் பாதிப்பு (பிளாண்டர் ஃபேசியைட்டிஸ்). குதிகாலின் அடிப்பகுதியில், உட்பக்கத்து முன்விளிம்பை அழுத்தியதும் முகம் சுளித்தார். கால் பெருவிரலை மேல்நோக்கி வளைத்தபோது அதே இடத்தில் வலித்தது; பெருவிரல் நிமிரும்போது பிளாண்டர் ஃபேசியா என்னும் உள்ளங்கால் நார்ப்பட்டை இறுகிப் பாத வளைவை உயர்த்துகிறது என்பதை 1954-இல் ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் விளக்கினார். குதியெலும்பை இருபுறமும் சேர்த்து அழுத்தியபோது வலி இல்லை என்பதால் எலும்பில் நுண்முறிவு இருக்கும் ஐயம் குறைந்தது. உட்கணுக்காலுக்குப் பின்னால் தட்டியபோது மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எழாததால் நரம்பு நசுங்கல் என்று நினைக்கவும் இடமில்லை. முழங்காலை நீட்டியிருக்கையில் பாதம் மேலே மடங்க மறுத்தது. மடக்கியதும் தாராளமாக மடங்கியது. கெண்டைக்கால் தசையின் இறுக்கத்தையே இது காட்டுகிறது.

25 ஜூலை 2024

வேறோர் இடத்தில் முன்பே எடுத்திருந்த எக்ஸ்ரேயை இன்று கொண்டுவந்தார். குதியெலும்பின் முனையில் சிறு முள் தெரிகிறது. அதை வெட்டி எடுத்தாக வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு உறக்கமின்றி இருந்திருக்கிறார். வலியே அறியாத பலருக்கும் இத்தகைய முள் உண்டு என்பதையும், வலி தீர்ந்தவர்களின் எக்ஸ்ரேயிலும் அது அப்படியே இருக்கும் என்பதையும் பொறுமையாக விளக்கினேன். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, அதன் பொருளைச் சொல்லாமல் அனுப்புவது எவ்வளவு பெரிய துன்பத்தைத் தருகிறது!

வீட்டில் செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலையை மேலே வைத்து மிதித்து வருவதாகவும் சொன்னார். நம் பாட்டிமார் காலத்துக் கைவைத்தியம். ஒத்தடத்தின் இதத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்ததில் இரண்டு இடங்களில் தொடுவது தெரியவில்லை. சூடு உறைக்காத பாதத்தில் கொப்புளம் எழுந்தால் அது ஆறாத புண்ணாகக்கூடும் என்பதால் செங்கல்லை உறுதியாக நிறுத்தச் சொன்னேன்.

காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய பயிற்சியைக் கற்றுக்கொடுத்தேன்: வலிக்கும் காலை மற்றத் தொடையின் மேல் போட்டு, விரல்களை முன்னங்காலை நோக்கி இழுத்து 10 விநாடி நிறுத்த வேண்டும், 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. உறக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடப்பதால் சுருங்கி நிற்கும் நார், முதல் அடியிலேயே உடலின் முழு எடையால் இழுபடாமல் இது காக்கும். சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியையும் சேர்த்தேன். வீட்டுக்குள் செருப்பா என்று தயங்கினார். வெளியே அணியாத புதிய ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

12 ஆகஸ்ட் 2024

காலை வலி சற்றுக் குறைந்திருக்கிறது. மாலை வலி குறையவில்லை. வலி மாத்திரைகள் ஏன் நிலையான பலன் தரவில்லை என்று கேட்டார். அவை பெரும்பாலும் அழற்சியைத் தணிப்பவை; இவருடைய நோயில் அழற்சி முதன்மையானதல்ல. அமெரிக்காவில் லெமாண்டும் உடன் பணியாற்றியோரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையில் எடுக்கப்பட்ட 50 பேரின் திசுக்களில் அழற்சியைக் காட்டிலும் நார்ச் சிதைவே காணப்பட்டது. சிதைந்த நார், படிப்படியாகச் சுமையேற்றித் தாங்கப் பழக்கினால்தான் வலுப்பெறும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே டென்மார்க் ஆய்வாளர்கள் முன்வைத்த பயிற்சியை இன்று தொடங்கினோம். மாடிப்படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். முதலில் இரு கால்களாலும், பிறகு ஒற்றைக் காலால், அதன்பின் முதுகில் புத்தகப் பையின் சுமையோடு செய்ய வேண்டும். பயிற்சியின்போது சிறிது வலிக்கலாம். மறுநாள் காலை முதல் அடி முன்னைவிடக் கடுமையாக இருந்தால் மட்டுமே அளவைக் குறைக்கச் சொல்கிறேன்.

30 செப்டம்பர் 2024

தீபாவளிக்குள் சரியாக ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். ஆனால் நார் அறுந்துபோகவும் குதிகாலின் கொழுப்புத் திண்டு மெலியவும் வாய்ப்புண்டு. சில நாட்களுக்குச் சர்க்கரையும் ஏறும். எலும்பு மருத்துவரிடம் கலந்து பேசியதில், முன்னேற்றம் தெரிவதால் இப்போது வேண்டாம் என்று முடிவாயிற்று.

27 அக்டோபர் 2024

எதிர்பார்த்தபடியே தீபாவளிக் கூட்டம் வலியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. நாள் முழுவதும் கடினமான தரையில் நிற்கவைத்தால், படியில் நின்று செய்யும் பயிற்சி எவ்வளவுதான் ஈடுகொடுக்கும்? கடைகளில் பணியாளர் அமர இருக்கை வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தின. இவர் பிரிவில் நாற்காலி இருக்கிறது, உட்கார்ந்தால்தான் மேற்பார்வையாளர் பார்க்கும் பார்வை சரியில்லையாம். ஒரே இடத்தில் தொடர்ந்து நிற்பதைத் தவிர்க்க வேண்டும், இடையிடையே அமர வேண்டும், குதிகாலில் மெத்தை வைத்த காலணி அணிய வேண்டும் என்று மருத்துவக் காரணங்களோடு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சிகிச்சையின் மிக முக்கியமான பகுதி இந்தக் கடிதம்தான் என்று நினைக்கிறேன்.

16 டிசம்பர் 2024

கடிதத்துக்குப் பலன் கிடைத்திருக்கிறது. காலணி அணிய அனுமதித்து, உட்காரவும் விடுகிறார்கள். முதல் அடியின் வலி அநேகமாக இல்லை, ஒற்றைக் காலில் பையைச் சுமந்து குதிகாலை உயர்த்துகிறார். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவையின்றியே இந்த வலி தீர்கிறது. இவரும் அந்த வழியில்தான் செல்கிறார். பயிற்சியை மேலும் சில மாதங்கள் விடக்கூடாது.

அதே கடையில் வேலை செய்யும் இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவரையும் இன்று அழைத்து வந்திருந்தார். அந்த அக்கா செய்த பயிற்சியையே தனக்கும் சொல்லித் தருமாறு கேட்டார். அவருக்கு இரண்டு குதிகால்களிலும் வலி. விடியற்காலையில் இடுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடந்து, நடமாடிய பிறகே இளகுகிறது. இது முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி மூட்டுநோயாக இருக்கக்கூடும் என்பதால், பயிற்சி எதையும் தொடங்காமல் மூட்டுவாத மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.